இடம் தெரியாத கோட்டைக்காக ஒரு போர்: இஃப்னி, 1957–58

1860இல் ஸ்பெயினிடம் தோற்ற மொராக்கோ சுல்தான், வாத் ராஸ் உடன்படிக்கையை ஏற்க வேண்டியதாயிற்று. இழப்பீட்டுப் பணம், எல்லை விரிவு என்று தோற்றவர் தலையில் வழக்கமாக ஏற்றும் விதிகளுக்கு நடுவே எட்டாவதாக ஒன்று இருந்தது. அட்லாண்டிக் கரையில் சாண்டா குரூஸ் என்ற இடத்துக்கு அருகே, ஸ்பெயின் முன்னொரு காலத்தில் வைத்திருந்ததைப் போல ஒரு மீன்பிடித் துறை அமைக்கத் தேவையான நிலத்தை சுல்தான் நிரந்தரமாக விட்டுத்தர வேண்டும். சுல்தான் சரி என்றார். ஒரே ஒரு சிக்கல்தான். அந்த சாண்டா குரூஸ் எங்கே இருந்தது என்று கேட்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது.

கேனரித் தீவுகளின் ஸ்பானியப் பிரபு தியேகோ தெ எரேரா 1470களில் எதிர்க்கரையில் கட்டிய சின்னக் கோட்டை அது. மீன், அடிமைகள், பாலைவனம் தாண்டி வரும் ஒட்டக வணிகம் ஆகியவற்றுக்காகக் கட்டியது. 1524இல் அது கைவிட்டுப் போனது. அப்புறம் முந்நூறு வருடங்களுக்கு மேல் அதைப் பற்றிப் பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. 1877 கடைசியில் இரு நாட்டு அதிகாரிகளும் ‘பிளாஸ்கோ தெ காராய்’ என்ற கப்பலில் ஏறி, கரையோரமாகவே போய்த் தேடினார்கள். தேடிவிட்டு இஃப்னி என்ற இடத்தைக் கைகாட்டினார்கள். 1883இல் மொராக்கோவும் அதை ஒப்புக்கொண்டது. பழைய கோட்டை உண்மையில் இருந்தது அங்கே இல்லை, தெற்கே வெகுதூரம் தள்ளி, இன்றைய தர்ஃபாயாவுக்குப் பக்கத்துக் கடற்கழியின் ஓரத்தில் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

பத்திரத்தில் ‘கிழக்கே புளியமரம்’ என்று எல்லை எழுதியிருக்கும். மரத்தை வெட்டி ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். நிலத்தகராறு வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் இந்தப் புளியமரத்தை வைத்து 1957இல் ஒரு போரே நடந்தது. பெரும்பாலான வரலாற்று நூல்கள் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் அதிகம். இஃப்னி சின்ன ஊர், போரும் சின்னப் போர், முடிவும் இழுபறி என்பது காரணம். ஆனால் இஃப்னியை மட்டும் பார்த்தால் இந்தப் போர் புரியாது. அது உண்மையில் முடிவானது தெற்கே சஹாராவில். அந்தப் பாலைவனம் யாருக்குச் சொந்தம் என்று இன்று வரை தீராத மேற்கு சஹாரா பிரச்சினையின் ஒரு முக்கிய முடிச்சு அங்கேதான் விழுந்தது.

குத்தகையும் கிரயமும்

1912இல் பிரான்சும் ஸ்பெயினும் மொராக்கோவைப் பங்குபோட்டுக்கொண்டன. பெரும்பகுதி பிரான்சுக்கு. வடக்கே மலையோரப் பகுதியும், தெற்குக் கடைசியில் ஜூபி முனையை ஒட்டிய பாலைவனப் பட்டையும் ஸ்பெயினுக்கு. இவை ‘பாதுகாப்பு ஆட்சி’ப் பகுதிகள். பெயரளவில் சுல்தானுடைய நாடுதான், ஆள்வது மட்டும் வெளியார். இஃப்னியின் கணக்கு வேறு. 1860 உடன்படிக்கைப்படி அது தனக்கே சொந்தம் என்றது ஸ்பெயின். ஜூபி முனைக்கும் தெற்கே இருந்த ஸ்பானிய சஹாராவோ (இன்றைய மேற்கு சஹாரா) சுல்தானுடையது அல்லவே அல்ல, நேரடிக் காலனி என்றது. நம் பேச்சில் சொன்னால் ஒன்று குத்தகை, ஒன்று கிரயம், இன்னொன்று புறம்போக்கை வளைத்தது. 1956இல் குத்தகை முடிந்தபோது மற்ற இரண்டும் என்ன ஆகும் என்ற கேள்விதான் போரின் சட்ட வடிவம்.

இத்தனைக்கும் 1934 வரை ஸ்பெயின் இஃப்னிக்குள் காலே வைக்கவில்லை. அந்த வருடம் ஏப்ரல் 6ஆம் தேதி கர்னல் ஒஸ்வால்தோ காபாஸ் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு கரையிறங்கினார். சண்டை இல்லை. அங்கே வாழ்ந்த ஐத் பாம்ரான் மக்கள் அமாசிக் மொழி பேசும் பழங்குடிக் கூட்டமைப்பினர். பிரெஞ்சுப் படைகள் சுற்றியிருந்த மலைகளை ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டு வந்த நேரம் அது. பிரான்சுக்கு ஸ்பெயின் பரவாயில்லை என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

சப்பாத்திக்கள்ளியும் ஆர்கன் மரமும் விளைகிற வறண்ட குன்றுகளுக்கும் கடலுக்கும் நடுவே, செங்குத்தான மேட்டின் மேல் சிதி இஃப்னி என்ற ஊரை ஸ்பெயின் கட்டியது. சதுக்கம், தேவாலயம், சினிமா கொட்டகை, வெள்ளையும் நீலமுமாக அந்தக் காலத்து ஐரோப்பியப் பாணிக் கட்டடங்கள் எல்லாம் வந்தன. துறைமுகம் மட்டும் வரவில்லை. அலை அவ்வளவு மோசம். கப்பல்கள் தள்ளி நிற்க, சரக்கும் ஆட்களும் படகுகளில் கரை சேர வேண்டும். மீன்பிடித் துறைக்காகக் கேட்டு வாங்கிய இடத்தில் படகைக் கட்டி நிறுத்தத் தோதில்லை!

விளைச்சலும் இல்லை, வருமானமும் இல்லை. அந்த நிலத்தால் ஸ்பெயினுக்குக் கிடைத்தது ஆள்தான். ‘திராதோரெஸ் தெ இஃப்னி’ என்ற துப்பாக்கிப் படைப்பிரிவில் உள்ளூர் ஆண்களைச் சேர்த்தார்கள். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது பின்னாளில் ஸ்பெயினின் சர்வாதிகாரியான ஃபிராங்கோவின் பக்கம் சண்டை போட இங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். முன்பின் பார்த்திராத ஊர்களில், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத சண்டையில் செத்தார்கள். பிழைத்து வந்தவர்களுக்குத் துப்பாக்கியும் பழகியிருந்தது, ஸ்பானியப் படை நகரும் விதமும் தெரிந்திருந்தது. இருபது வருடம் கழித்து இது இரண்டும் பயன்பட்டன.

வளர்த்த கடா

1956 மார்ச்சில் பிரான்ஸ் மொராக்கோவின் விடுதலையை ஏற்றது. ஏப்ரலில் ஸ்பெயினும் வடக்குப் பகுதியை விட்டுக்கொடுத்தது. மொராக்கோக்காரர்கள் தங்களை நண்பனாகவே நினைப்பார்கள் என்று ஃபிராங்கோ நம்பியதற்குக் காரணம் உண்டு. 1953இல் பிரான்ஸ் சுல்தான் ஐந்தாம் முகம்மதுவை அரியணையிலிருந்து இறக்கி நாடு கடத்தியபோது ஸ்பெயின் அதை ஏற்கவில்லை. பிரான்சை எதிர்த்த கொரில்லாக்கள் ஸ்பானியப் பகுதியில் மறைந்து தயாரானபோது கண்டும் காணாமல் இருந்தது. பிரான்சுக்குக் குடைச்சல் கொடுப்பதில் மத்ரித்துக்கு ஒரு சந்தோஷம். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பதை அப்போது யாரும் எண்ணவில்லை.

அந்தக் கொரில்லாக்கள்தான் விடுதலைப் படை. நாடு விடுதலை பெற்றதும் அவர்களில் பலர் அரசரின் புதிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். இன்னொரு பகுதியினர் வேலை முடியவில்லை என்று சொல்லித் தெற்கே இறங்கினார்கள். அவர்களுக்கு ஒரு வரைபடம் கைகொடுத்தது. மொராக்கோ விடுதலைக்காகப் போராடிய இஸ்திக்லால் கட்சியின் தலைவர் அல்லால் அல் ஃபாஸி ‘பெரிய மொராக்கோ’ என்ற கருத்தை முன்வைத்தார். 1956இல் கட்சிப் பத்திரிகை அதை வரைபடமாகவே அச்சிட்டது. ஸ்பானிய சஹாரா முழுவதும், இன்றைய மொரித்தானியா முழுவதும், அல்ஜீரியாவின் மேற்குப் பகுதி, மாலியில் ஒரு துண்டு எல்லாம் அதில் மொராக்கோ. செனகல் ஆறுவரை நீளும் நாடு. இன்று பார்த்தால் மிகையாகத்தான் தெரிகிறது. ஆனால் காலனி எல்லைகள் எல்லாமே ஐரோப்பியர் கிழித்த கோடுகள் என்னும்போது, எந்தக் கோட்டை ஏற்பது, எதை அழிப்பது என்பதற்கு அன்று யாரிடமும் அளவுகோல் இருக்கவில்லை.

அரண்மனைக்கு இதில் தர்மசங்கடம். விடுதலைப் படையைக் கைவிட்டால் தேசத்துரோகிப் பட்டம் வரும். கைகொடுத்தால், அரசரின் கட்டளைக்கு அடங்காத ஆயுதக் கும்பல் ஒன்று தெற்கே தனி ராஜ்ஜியம் நடத்தும். பட்டத்து இளவரசர் ஹசன், பிற்காலத்தில் அரசர் இரண்டாம் ஹசன், ராணுவத்தைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். போட்டிப் படை ஒன்று நீடிப்பதை அவர் விரும்பியிருக்க வழியில்லை. ஆகவே தலைநகர் ரபாத்தின் அதிகாரபூர்வ நிலை, ‘இதற்கும் அரசுக்கும் சம்பந்தமில்லை’. ஸ்பெயினும் எதிராளியை ‘ஆயுதக் குழுக்கள்’ என்றே சொன்னது. நடந்ததற்குப் போர் என்று பெயர் வைக்க இரண்டு தலைநகரங்களுக்குமே மனமில்லை.

விடுதலைப் படையின் முதல் குறி ஸ்பெயின் அல்ல. 1956, 57இல் அவர்கள் ஸ்பானிய சஹாரா வழியாக நடந்துபோய் மொரித்தானியாவில் பிரெஞ்சுக் காவல்நிலைகளைத் தாக்கினார்கள். ஸ்பெயின் வழிவிட்டது. சேர்ந்து அடக்குவோம் வா என்று பிரான்ஸ் கூப்பிட்டபோது ஸ்பெயின் பிடிகொடுக்கவில்லை. அந்தப் படையில் சஹ்ராவிகள் எனப்படும் சஹாரா நாடோடிகள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் செனகல் ஆறுவரை நீளும் மொராக்கோவைவிட, தங்கள் மேய்ச்சல் நிலத்தில் அந்நியன் இருக்கக் கூடாது என்பதே நோக்கமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

நவம்பர் 23

1957 முழுவதும் இஃப்னியில் பதற்றம் ஏறிக்கொண்டே போனது. ஸ்பெயினுக்கு வேண்டியவர்கள் கொல்லப்பட்டார்கள், கடைகள் அடைபட்டன. நவம்பர் 21ஆம் தேதி வாக்கில் தாக்குதல் நெருங்கிவிட்டது என்று உளவுத் தகவல் வந்தது. 23 விடிகாலையில் விடுதலைப் படையினர் தொலைபேசிக் கம்பிகளை அறுத்துவிட்டு, ஊரையும் உள்நாட்டுக் காவல்நிலைகளையும் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். ஊர் தாக்குப்பிடித்தது. பத்திருபது பேர், ஐம்பது அறுபது பேர் என்று குன்றுகளில் சிதறிக் கிடந்த காவல்நிலைகள் தனித்தனியாகச் சிக்கிக்கொண்டன. உள்ளூர்ச் சிப்பாய்களில் பலர் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களை ஸ்பானிய அதிகாரிகள் நம்பத் தயங்கினார்கள்.

தெலாத்தா என்ற காவல்நிலையை மீட்கப் போன குழுவின் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். லெப்டினன்ட் அந்தோனியோ ஓர்த்திஸ் தெ சாராத்தே, நவம்பர் 24 அன்று ஒரு பாராசூட் பிளாட்டூனோடு வண்டிகளில் கிளம்பினார். தூரம் அதிகமில்லை. ஆனால் பாதையை மறித்துக் குன்றுகளின் மேலிருந்து சுட்டார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு நகர்வது நேரமாக ஆக இன்னும் மெதுவானது. விரைவிலேயே சாப்பாடு தீர்ந்தது, தோட்டா குறைந்தது. ஒரு மேட்டில் ஏறிக் கல்லடுக்கி உட்கார்ந்துகொண்டார்கள். 26ஆம் தேதி லெப்டினன்ட் இறந்தார். டிசம்பர் 2 வரை அதே மேட்டில்தான் இருந்தார்கள். அன்று ஒரு காலாட்படை அணி வழியை உடைத்துக்கொண்டு வந்தது. அதில் தெலாத்தாவிலிருந்தே வெளியேறி வந்தவர்களும் இருந்தார்கள். மீட்கப் போனவர்களை, மீட்கப்பட வேண்டியவர்கள் வந்து மீட்டார்கள். டிசம்பர் 5 அன்று எல்லோரும் சிதி இஃப்னி திரும்பினார்கள். லெப்டினன்ட் உட்படச் சிலர் மரணம், பதினான்கு பேருக்குக் காயம்.

தில்யுயின் காவல்நிலைக்கு வேறு வழி பார்த்தார்கள். நவம்பர் 29 அன்று ஐந்து குண்டுவீச்சு விமானங்கள் சுற்றிலும் குண்டு போட, ஐந்து சரக்கு விமானங்களிலிருந்து 75 பேர் பாராசூட்டில் குதித்தார்கள். ஸ்பானிய பாராசூட் படையின் முதல் போர்க்களக் குதிப்பு இது. குதித்தவர்களும் முற்றுகைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். டிசம்பர் 3இல் லெஜியன் என்ற ஸ்பெயினின் சிறப்புக் காலாட்படை வந்துதான் எல்லோரையும் வெளியே கொண்டுவந்தது.

இப்படி ஒவ்வொரு நிலையாக மீட்டுவிட்டு, அத்தனையையும் கைவிட்டார்கள். சிதி இஃப்னியைச் சுற்றியிருந்த குன்றுகளில் அகழி வெட்டி, சுமார் 7,500 பேரை நிறுத்தி, கடல்வழியாகச் சாப்பாடு இறக்கினார்கள். 1,500 சதுர கிலோமீட்டரில் மிஞ்சியது ஓர் ஊரும் அதன் சுற்றுவட்டாரமும். அகழிக்கு வெளியே ஐத் பாம்ரான் நிலம் முழுவதும் விடுதலைப் படையின் கைக்குப் போனது. 1958 ஜூன் வரை முற்றுகை நீடித்தது. ஆனால் பெரிய சண்டை அதற்குமேல் இல்லை.

அந்த விமானங்கள் என்னென்ன என்று பார்த்தால் இன்னொரு அரசியல் தெரியும். ஹைன்கெல், யுங்கர்ஸ் என்ற இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய வடிவங்களை ஸ்பெயின் தன் ஊரிலேயே கட்டி வைத்திருந்தது. 1953 ஒப்பந்தப்படி அமெரிக்கா தந்த நவீன ஆயுதங்கள் கையில் இருந்தும், அவற்றை இங்கே தொடக் கூடாது என்று வாஷிங்டன் சொல்லிவிட்டது. அமெரிக்காவுக்கு ஸ்பெயினிலும் தளம், மொராக்கோவிலும் தளம். யாரையும் பகைக்க முடியாது. ஆகவே இருபது வருடப் பழைய வடிவ விமானங்களும், சாக்குத் துணிச் செருப்பைப் போட்டுக்கொண்டு கூரிய கற்களில் ஏறிய சிப்பாய்களும்தான் சண்டையில் இருந்தார்கள். கட்டாய ராணுவ சேவைக்கு வந்த கிராமத்துப் பையன்கள் அவர்களில் நிறையப் பேர். கப்பலேறும் வரை எங்கே போகிறோம் என்று தெரியாமல் போனதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவர்கள் உண்டு.

ஸ்பானியப் பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன. அங்கங்கே சில சில்லறைச் சம்பவங்கள் என்ற தொனியில்தான் செய்தி வந்தது. நாட்டு மக்களில் பலர் இந்தப் போரைப் பற்றி அறிந்ததே கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சியால்தான் இருக்கும். பாடகியும் நடிகையுமான கார்மென் செவில்யாவும் நகைச்சுவைக் கலைஞர் கிலாவும் சிப்பாய்களை மகிழ்விக்க சிதி இஃப்னி வந்து போனார்கள். போர்முனையிலிருந்து எதிரிக்கு ஃபோன் போட்டுப் பேசுவது போல நடிப்பதில் பெயர் வாங்கியவர் கிலா. நிஜ அகழிக்காரர்கள் முன்னால் அதை எப்படிச் செய்தாரோ!

தெற்கே நடந்த முடிவு

இதற்கிடையில் விடுதலைப் படை சஹாராவுக்குள்ளும் பாய்ந்தது. அங்கே ஸ்பெயின் ஸ்மாரா போன்ற உள்பகுதிகளை விட்டுக் கடற்கரைக்கு ஒதுங்கியிருந்தது. 1958 ஜனவரி 13 அன்று ஸ்பானிய சஹாராவின் தலைநகரான எல் அயூனுக்கு அருகே எத்செரா என்ற இடத்தில், சாகியா அல் ஹம்ரா வறண்ட ஆற்றுப்படுகையில் லெஜியனின் 13ஆம் படைப்பிரிவு பதுங்கியிருந்தவர்களிடம் மாட்டிக்கொண்டது. நாள் முழுவதும் சண்டை. ஸ்பானியத் தரப்பில் 37 பேர் இறந்தார்கள், 50 பேர் காயப்பட்டார்கள். ஸ்பெயினின் உச்ச வீரப்பதக்கமான சான் ஃபெர்னாந்தோ சிலுவை அந்த நாளுக்காக இரண்டு பேருக்கு, இருவருக்கும் மறைவுக்குப் பின், தரப்பட்டது. பதக்கம் கொடுத்தாயிற்று, எந்தப் போரில் என்று சத்தமாகச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இதன் பிறகுதான் ஸ்பெயின், தான் முன்பு ஒதுக்கித் தள்ளிய பிரான்சின் யோசனையை ஏற்றது. பிரான்சின் கணக்கு இஃப்னி அல்ல. அல்ஜீரியாவில் அதற்குப் பெரிய போர் நடந்துகொண்டிருந்தது. மொரித்தானியாவில் இரும்புத்தாதுச் சுரங்கம் தொடங்க இருந்தது. மேற்கு சஹாரா கொரில்லாக்களின் கூடாரமாகிவிட்டால் இரண்டுக்கும் ஆபத்து. 1958 பிப்ரவரியில் சுமார் 9,000 ஸ்பானியரும் 5,000 பிரெஞ்சுக்காரரும், இரு தரப்பிலும் சேர்த்து 130 விமானங்களும் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நெருக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘எக்குவியோன்’. பீரங்கிக் குழாயைத் துடைக்கும் தூரிகைக்கு அந்தப் பெயர். பெயருக்கேற்ற வேலை. இரண்டே வாரத்தில் விடுதலைப் படை சிதறிப் போனது. மறைய மரமில்லாத நிலத்தில், மேலே விமானம் சுற்றும்போது, ஒட்டகமும் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் நிற்க முடியும்?

நாடோடிக் குடும்பங்கள் பலவும் கால்நடைகளை இழந்து வடக்கே மொராக்கோவுக்குள் ஓடின. தர்ஃபாயா, தான்-தான் பகுதிகளில் ஒண்டிக்கொண்டன. இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போனார்கள். சிலர் ரபாத்தில் பல்கலைக்கழகம் வரை போனார்கள். 1970களின் சஹ்ராவி விடுதலை அரசியல் அந்த மாணவர்களிடமிருந்துதான் கிளம்பியது.

மொராக்கோ அரசின் ராணுவம் இந்தத் தாக்குதலில் தலையிடவில்லை. தனக்கு அடங்காத விடுதலைப் படையை மற்றவர்கள் அழித்துத் தந்ததில் ரபாத்துக்கு நிம்மதி இருந்தது என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. சஹ்ராவிகளிடையே இது வாதம் அல்ல, நினைவு. அதே பிப்ரவரி 25ஆம் தேதி ஐந்தாம் முகம்மது பாலைவன விளிம்பில் உள்ள மஹமித் என்ற ஊருக்குப் போய், சஹாராவை மீட்போம் என்று முழங்கினார். படை சிதறிய அதே மாதத்தில், அந்தப் படையின் கோரிக்கையை அரண்மனை தனதாக்கிக்கொண்டது.

1958 ஏப்ரல் 1 அன்று ஸ்பெயினும் மொராக்கோவும் சிந்த்ராவில் ஒப்பந்தம் போட்டார்கள். ஜூபி முனைப் பட்டை, அதாவது தர்ஃபாயா, மொராக்கோவுக்கு. அது குத்தகை நிலம். 1956லேயே கொடுத்திருக்க வேண்டியது. இஃப்னி பற்றி ஒப்பந்தத்தில் தீர்வில்லை. போர் எதற்காகத் தொடங்கியதோ அது அப்படியே இருந்தது. ஸ்பெயின் தன் இழப்பைச் சுமார் 200 மரணம், 500க்கு மேல் காயம், 80 பேர் காணவில்லை என்று கணக்கிட்டது. கூடுதலாகச் சொல்பவர்களும் உண்டு. எதிர்த்தரப்பின் கணக்கு நம்பும்படி எங்கும் இல்லை. போரே நடக்கவில்லை என்று சொன்ன அரசு, பிணத்தை எப்படி எண்ணும்?

மாகாணம் என்ற மந்திரம்

சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, 1958 ஜனவரியில், ஸ்பெயின் ஒரு காகித வேலையும் பார்த்தது. இஃப்னியும் சஹாராவும் இனிக் காலனிகள் அல்ல, ஸ்பெயினின் மாகாணங்கள் என்று அறிவித்தது. காலனி இல்லை என்றால் காலனி விடுதலை பற்றி ஐ.நா. கேட்க முடியாது அல்லவா? இது பக்கத்து வீட்டு போர்ச்சுகலிடம் கற்றது. 1951இல் கோவாவையும் அங்கோலாவையும் ‘கடல்கடந்த மாகாணங்கள்’ ஆக்கியவர்கள் அவர்கள். 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்தபோது அந்தப் பெயர்மாற்றம் எதையும் தடுக்கவில்லை.

1965இல் ஐ.நா. பொதுச்சபை இஃப்னியையும் ஸ்பானிய சஹாராவையும் விடுவிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஃபிராங்கோவுக்குள் வேறு கணக்கு ஓடியது. ஜிப்ரால்டரை பிரிட்டனிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். அதற்கு ஐ.நா.வில் அரபு, ஆப்பிரிக்க நாடுகளின் ஓட்டு தேவை. ஜிப்ரால்டர் காலனி, இஃப்னி மட்டும் மாகாணம் என்று ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். அகழிக்குள் சுருங்கிப்போன, கப்பல் நிறுத்த இடமில்லாத ஓர் ஊரைக் கொடுப்பதில் பெரிய நஷ்டமும் இல்லை. 1969 ஜனவரியில் ஃபெஸ் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூன் 30 அன்று சிதி இஃப்னியில் ஸ்பானியக் கொடி இறங்கியது. அந்த ஒப்பந்தத்தோடு கூடவே கையெழுத்தான இன்னொன்று, மொராக்கோக் கடலில் ஸ்பானியப் படகுகள் மீன் பிடிப்பது பற்றியது. 1860 உடன்படிக்கையின் எட்டாவது விதி, நிலத்தை உதிர்த்துவிட்டு மீனை மட்டும் வைத்துக்கொண்டது.

சஹாராவை மட்டும் ஸ்பெயின் விடவில்லை. பூ க்ரா என்ற இடத்தில் உலகின் பெரிய பாஸ்பேட் படிவுகளில் ஒன்று கிடைத்திருந்தது. 1973இல் சஹ்ராவிகளின் விடுதலை இயக்கமான போலிசாரியோ முன்னணி உருவாகி ஸ்பெயினை எதிர்த்து ஆயுதம் எடுத்தது. 1975 அக்டோபரில் சர்வதேச நீதிமன்றம், சில சஹாராப் பழங்குடிகளுக்கும் மொராக்கோ சுல்தானுக்கும் பற்றுறவு இருந்தது உண்மை, ஆனால் அது நிலத்தின் மேல் இறைமை ஆகாது, அங்கே வாழ்பவர்களின் விருப்பமே முடிவு என்ற பொருளில் கருத்துச் சொன்னது. அடுத்த மாதமே இரண்டாம் ஹசன் 3,50,000 பேரை ஆயுதமின்றி எல்லை தாண்ட வைத்தார். அவர்கள் கூடிக் கிளம்பிய இடம் தர்ஃபாயா. 1958இல் சிந்த்ராவில் கைமாறிய அதே மண். ஃபிராங்கோ சாகக் கிடந்தார். நவம்பர் 14 அன்று மத்ரித்தில் சஹாராவை மொராக்கோவுக்கும் மொரித்தானியாவுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு ஸ்பெயின் நழுவியது.

1958ஐத் தெரியாமல் 1975ஐப் படித்தால், சஹ்ராவிகள் மொராக்கோவை ஏன் இவ்வளவு சந்தேகிக்கிறார்கள் என்பது புரியாது. அன்று மொராக்கோக் கொடியின் கீழ் தங்கள் அப்பாக்கள் சண்டை போட்டார்கள், அடி விழுந்தபோது அந்தக் கொடி எங்கே போனது என்று கேட்பவர்கள் அவர்கள். மொராக்கோவும் தன் பக்கக் கதையை அதே வருடத்திலிருந்துதான் எடுக்கிறது. பார், சஹாராப் பழங்குடிகள் 1957லேயே நம்மோடு சேர்ந்து சண்டை போட்டார்கள், அவர்கள் மொராக்கோக்காரர்கள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்கிறது. ஒரே போர்தான், சாட்சியாக இரண்டு தரப்பும் கூப்பிடுகின்றன. என்னைக் கேட்டால் இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சிப்பாய்களை அன்று யாரும் எதற்காகச் சண்டை போடுகிறாய் என்று கேட்டு எழுதி வைக்கவில்லை.

மீன் தகராறும் ஓயவில்லை. மேற்கு சஹாராக் கடலையும் சேர்த்து மொராக்கோவோடு ஐரோப்பிய ஒன்றியம் போட்ட மீன்பிடி ஒப்பந்தம், அந்த நிலத்து மக்களின் சம்மதம் இல்லாததால் செல்லாது என்று 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் உறுதிசெய்தது.

சிதி இஃப்னியில் நவம்பர் 23ஐ ஐத் பாம்ரான் எழுச்சி நாளாக மொராக்கோ கொண்டாடுகிறது. ஸ்பானியர் கட்டிய சதுக்கத்துக்கு இப்போது இரண்டாம் ஹசன் பெயர். கரைக்கு அப்பால் கடலுக்குள் ஒரு பெரிய கான்கிரீட் மேடை தனியாக நிற்கிறது. 1960களில், ஊரையே விட்டுப் போகப் போகிற நேரத்தில், கப்பலிலிருந்து சரக்கைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கரைக்கு இழுப்பதற்காக ஸ்பெயின் கட்டியது. மொராக்கோ பிறகு கொஞ்சம் தள்ளி நிஜமான துறைமுகமே கட்டியது. மீன் நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் பதப்படுத்தும் ஆலைகள் அகாதிர் நகரில்தான் இருந்தன. ஊர்ப் பையன்களுக்கு வேலை இருக்கவில்லை. 2008 மே கடைசியில் அவர்கள் துறைமுக வாசலில் உட்கார்ந்து, மீன் ஏற்றிய லாரிகளை ஒரு வாரம் வெளியே விடவில்லை. ஜூன் 7 அன்று போலீஸ் வந்து அடித்துக் கலைத்தது. லாரிகள் அகாதிருக்குக் கிளம்பின.